காக்கி லீமாவில் கொஞ்சம் நடந்துவிட்டு எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் சுற்றுலாப் பக்கத்தில் பினாங்கின் ஜார்ஜ்டவுனை அரை நாளில் பார்த்து முடித்துவிடலாம் என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. சுவரோவியம், கொடிமலை ரயில், கெக் லோக் சி கோயில், அப்புறம் ஒரு தட்டு நாசி கண்டார் சோறு, முடிந்தது பினாங்கு. படித்துவிட்டு மனைவியிடம் நீட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தவர், "அரை நாளா? எனக்கு அங்கே பூ வாங்கவே அரை நாள் ஆகுமே" என்றார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார், ஆனால் கட்டுரைக்குப் பதில் அதிலேயே இருப்பதாக எனக்குப் பட்டது. அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும். வெட்டியே ஆகவேண்டும் என்றால் நடுவில் வெட்டுங்கள், கடைசியில் கை வைக்காதீர்கள்.

என்னைப் பற்றி இரண்டு வரி. பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், பட்டர்வொர்த்தில் துறைமுக வேலை, முப்பது வருஷத்துக்கு மேல். ஓய்வு பெற்ற பிறகு நானும் மனைவியும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது மலிவு விமானத்தில் பக்கத்து நாடுகளுக்குப் போய்வருகிறோம், ஆளுக்கு ஒரு பை, அவ்வளவுதான். வழிகாட்டி கிடையாது, பெரிய ஹோட்டல் கிடையாது. விடியற்காலையில் எழுந்து, ஏதாவது ஒரு தெருவில் கடைகள் திறப்பதைப் பார்த்துக்கொண்டு பசியாறுவோம். எங்கள் பிள்ளைகளுக்கு இது சுற்றுலாவாகவே தெரியவில்லை. "அவ்வளவு தூரம் போய் ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டு வர்றீங்களே" என்று மகன் கேட்பான். ஆமாம், அதற்குத்தான் போகிறோம்.

ஆர்மேனியன் தெருவில் இரண்டு பிள்ளைகள் சைக்கிளில் போகிற ஓவியத்தை நான் குறை சொல்ல வரவில்லை. 2012-இல் லித்துவேனியாவிலிருந்து வந்த ஓவியர் வரைந்தது, சைக்கிள் நிஜம், பிள்ளைகள் மட்டும் சுண்ணாம்புச் சுவரில். நல்ல கை. ஆனால் அதன் முன்னால் நண்பகல் வெயிலில் வரிசை பிடித்து நின்று, ஆளுக்கு முப்பது வினாடி சிரித்துவிட்டு அடுத்த சுவருக்கு ஓடுகிறவர்கள் தாங்கள் எதன் மேல் நின்றுகொண்டிருக்கிறோம், எதன் நிழலில் ஒதுங்கினோம் என்று கீழேயும் மேலேயும் பார்ப்பதே இல்லை. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, உங்கள் கட்டுரையிலும் அது இல்லையே. நான் சொல்வது காக்கி லீமாவை. ஐந்தடி நடை. கடைவீட்டின் மாடி முன்னால் நீண்டு தூணில் நிற்க, அதன் அடியில் கடை கடையாகத் தொடர்ந்து போகிற அந்தக் கூரை போட்ட பாதை.

அதில் நிதானமாகத்தான் நடக்க முடியும், ஏனென்றால் ஒரு கடைக்கு ஒரு தரை. இங்கே பூப்போட்ட பழைய ஓடு, அடுத்த கடை முன்னால் சிவப்புச் செங்கல் ஓடு, அதற்கடுத்து வெறும் சிமெண்டு, அதுவும் அரை அடி பள்ளம். கீழே பார்த்து நடந்தால் தலைக்கு மேல் பறவைக்கூண்டு இடிக்கும், மேலே பார்த்து நடந்தால் கால் லோங்காங்கில், அதாவது சாக்கடையில். சீனர் கடை வாசல் சுவரில் வானக் கடவுளுக்கு ஒரு சிவப்புப் பெட்டி, அதில் மூன்று ஊதுபத்தி. இரண்டு கடை தள்ளி நம் ஆள் சாம்பிராணி போட்டுவிட்டு உள்ளே போயிருப்பார், இரண்டு புகையும் தூணுக்குத் தூண் கலந்து கிடக்கும். லெபோ பாசார் பக்கம் ஒரு அக்கா பூக் கட்டுவார், முக்காலியில் உட்கார்ந்து, நூலின் ஒரு முனையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துக்கொண்டு. இரண்டு மல்லிகை மேலே, இரண்டு கீழே, ஒரு சுற்று, ஒரு இழுப்பு. பேச்சு ஒரு பக்கம் போய்க்கொண்டே இருக்கும், கண் பூவில் இருக்காது, விரல் தப்பாது. என் மனைவிக்கு அரை நாள் ஆவது இங்கேதான். முழம் பூவுக்கு முக்கால் மணி நேரக் கதை.

ஒரு நாள் மழையைச் சொல்கிறேன். சாயங்காலம் நாலு மணி இருக்கும், பெர்ரிப் படகுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பினாங்கு மழை உங்களுக்குத் தெரியும், தூறிப் பார்க்கிற பழக்கமெல்லாம் அதற்கு இல்லை. இரண்டு நிமிஷத்தில் சடக்கில், அதாவது சாலையில், ஒருவரும் இல்லை, எல்லாரும் காக்கி லீமாவில். சாப்பாடு கொண்டுபோகிற பையன் மோட்டாரைத் தூணோரம் ஏற்றிவிட்டு, பையைத் தன் உடம்பால் மறைத்துக்கொண்டு நிற்கிறான். பள்ளிச்சீருடையில் இரண்டு மலாய்ப் பிள்ளைகள், காலணியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு. வங்காளதேசத் தொழிலாளர்கள் நாலைந்து பேர், தலையில் ஹெல்மெட்டோடு. கைக்கடிகாரம் பழுது பார்க்கிற சீனக் கிழவர் தன் கண்ணாடிப் பெட்டிக்கு மேல் பிளாஸ்டிக் தாளை இழுத்துவிட்டார், என் மனைவியைப் பார்த்தார், உள்ளே போய் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டு, "டுடுக், டுடுக்" என்றார். மனைவி உட்கார்ந்தார். கிழவரும் வேறு ஏதும் பேசவில்லை, ஒற்றைக்கண் பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அரை மணி நேரம் முன்பின் தெரியாத இருபது பேர் ஒரே கூரைக்கடியில் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மழை விட்டதும் அவரவர் வழியில். இதற்கு டிக்கெட் கிடையாது, உங்கள் பட்டியலிலும் இது இல்லை.

இந்த நடை தானாக முளைத்ததில்லை. 1822-இல் சிங்கப்பூருக்கு நகரத் திட்டம் போடச் சொன்னபோது, ஒவ்வொரு வீட்டு முன்னாலும் கூரை போட்ட, எப்போதும் திறந்திருக்கிற நடை இருக்கவேண்டும், அது தெருவின் இரண்டு பக்கமும் விடாமல் தொடரவேண்டும் என்று சிங்கப்பூரை நிறுவிய ஆங்கிலேயர் ராஃபிள்ஸ் விதியே போட்டார். அங்கிருந்து மலாயா ஊர்கள் பூராவும் பரவியது. ஐந்தடி என்பது பேருக்குத்தான், அதைவிட அகலமும் உண்டு, குறுகலும் உண்டு. ஹொக்கியன் பேசுகிற பினாங்குச் சீனர் தங்கள் 'கோ', அதாவது ஐந்து, அதோடு மலாய்க் 'காக்கி'யைச் சேர்த்து கோ காக்கி என்றார்கள். வேடிக்கை என்னவென்றால் தாய்லாந்தில் புக்கெட் பழைய நகரத்துக்குப் போனோம், தலாங் தெருவில் அதே தூண், அதே வளைவு, அங்கேயும் கிட்டத்தட்ட அதே பெயர். மனைவி அங்கே போய், "பஸ் ஏறி பினாங்குக்கே வந்துட்டோமா?" என்றார்.

இந்தோனேசியாவில் மேடான் போனபோது ஒரு குழப்பம். பினாங்கிலிருந்து விமானம் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. 1884-இல் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிற கம்போங் மெட்ராஸ் பக்கம் தங்கியிருந்தோம். மோட்டார் பொருத்திய பெச்சா ரிக்ஷா ஓட்டுகிறவரிடம் மலாயில் 'காக்கி லீமா' பற்றி ஏதோ கேட்டேன், அவர் சாப்பாட்டுக்குத்தான் கேட்கிறேன் என்று நினைத்து வரிசையாக ஒட்டுக்கடைகள் நிற்கிற இடத்துக்கு ஓட்டிவிட்டார். அங்கே அந்தச் சொல்லுக்கு நடைபாதை வியாபாரி என்றுதான் அர்த்தம். வண்டிக்கு மூன்று கால், தள்ளுகிறவனுக்கு இரண்டு, ஆக ஐந்து கால் என்று அவர்களே ஒரு விளக்கம் சொல்வார்கள். நடைபாதையின் ஐந்தடிதான் மூலம் என்று சொல்கிறவர்களும் உண்டு. எது சரியோ, பாதையின் பெயரே அதில் பிழைக்கிறவனின் பெயராகிப் போனது எனக்குப் பிடித்திருந்தது. சாப்பாடும் நன்றாகவே இருந்தது.

வியட்நாமில் சைகோனில் கூரையே கிடையாது, வெறும் நடைபாதைதான். ஆனால் அங்கே நடக்கிறதுதான் நடைபாதையில் மிகக் குறைவாக நடக்கிற வேலை. முழங்கால் உயரம்கூட இல்லாத பிளாஸ்டிக் முக்காலி, அதில் குந்தினால் எங்கள் வயதுக்கு எழுந்திருக்க ஒருவர் கை கொடுக்கவேண்டும். கிளாஸ் மேல் அலுமினியச் சட்டி ஒன்றை வைத்துவிடுவார்கள், கோப்பி சொட்டுச் சொட்டாக டின் பாலின் மேல் விழும், அவசரப்பட்டால் ஒன்றும் நடக்காது. பக்கத்தில் ஐஸ் போட்ட தேத்தண்ணி சும்மா வரும், அதற்குக் காசில்லை. மோட்டார் சைக்கிள்காரர்கள் நெரிசல் நேரத்தில் நடைபாதை மேலேயே ஏறி வருவார்கள், கோப்பிக் கடை அம்மா முக்காலியை ஒரு அடி இழுத்து வழி விட்டுவிட்டுத் திரும்ப வைப்பார். 2017-இல் அங்கே முதலாம் வட்டாரத்தைக் குட்டி சிங்கப்பூர் ஆக்கப் போகிறோம் என்று அதிகாரிகள் நடைபாதைகளைக் காலி பண்ணக் கிளம்பினார்கள், உலகச் செய்தியெல்லாம் ஆனது. நாங்கள் போனது அதற்கு அப்புறம்தான். முக்காலிகள் எல்லாம் பத்திரமாகத் திரும்பி வந்திருந்தன.

அங்கே பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் ட்ருவோங் டின் தெருவில் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது, நம்மவர்கள் கட்டியது. இப்போது கும்பிட வருகிறவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்கள். அலுவலகத்துக்குப் போகிற வழியில், ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வருகிறார்கள், சாமந்தியும் ஊதுபத்தியும் வைக்கிறார்கள், பிறகு சுற்றி வந்து கற்சுவரில் நெற்றியை ஒட்டிக்கொண்டு, இரண்டு உள்ளங்கையையும் சுவரில் பதித்து, வாய்க்குள்ளேயே ஏதோ சொல்கிறார்கள். ஒரு பெண் பத்து நிமிஷம் அப்படியே நின்றாள். அவள் நகர்ந்ததும் என் மனைவியும் போய் அதே இடத்தில் நெற்றியை வைத்துவிட்டு வந்தார். என்ன கேட்டார் என்று என்னிடம் சொல்லவில்லை.

பாங்காக்கில் நான் அதிகம் பார்த்தது கடை வாசல் குட்டி வீடுகளை. நிலத்துக்குக் காவலான ஆவிக்கு, தூண் மேல் ஒரு சின்ன வீடு, அதன் முன்னால் சாமந்தி மாலை, கூடவே சிவப்பு சோடா புட்டி. மூடி திறந்து ஸ்ட்ரா போட்டே வைத்திருப்பார்கள், சாமிக்கு உறிஞ்ச வசதியாக. என் மனைவிக்கு இதில் ஆச்சரியமே இல்லை. "நம்ம தோட்டத்துல முனியாண்டிக்குச் சுருட்டைப் பத்த வெச்சு வைக்கிறோமே, அதே மாதிரிதானே" என்றார். உண்மைதான். இங்கே மரத்தடியில் சொங்கோக் என்கிற மலாய்த் தொப்பி போட்ட டத்தோ கோங் என்ற காவல் தெய்வத்தைச் சீனர்கள் கும்பிடுவதும், அவருக்குப் பன்றி இறைச்சி மட்டும் படைக்கக்கூடாது என்று கவனமாக இருப்பதும் நாம் தினம் பார்க்கிறதுதானே. வாசலில் யாருக்கு இடம் கொடுக்கிறார்கள் என்று பார்த்தாலே ஊர் பாதி புரிந்துவிடும். பெரிய அரண்மனைக்கும் போனோம். கூட்டம், வெயில், என் அரைக்கால் சட்டைக்கு மேல் கட்ட ஒரு சாரோங் வாங்கவேண்டியிருந்தது. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

சிங்கப்பூர்க்காரர்கள் இதைப் படித்தால் எங்கள் ஊரில் எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்பார்கள். தெருவோரக் கடைகளை 1970களிலும் 80களிலும் உணவங்காடி நிலையங்களுக்குள் கொண்டுபோய் வைத்தார்கள், தண்ணீர்க் குழாய், கழிவறை, விசிறி எல்லாம் போட்டுக் கொடுத்தார்கள், 2020-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் அது ஏறிவிட்டது. மேசை மேல் ஒரு டிஷ்யூ பொட்டலத்தை வைத்துவிட்டுப் போனால் அந்த இடத்தில் யாரும் உட்காரமாட்டார்கள், அது எனக்கு வாண வேடிக்கையைவிட வியப்பு. நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை. அங்கே தேக்கா அங்காடியில் அண்ணன் ஒருவர் தட்டில் வைத்த பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு மறுக்கவும் முடியாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு மாதம் முன்பு மனைவியோடு ஜார்ஜ்டவுன் போனபோது ஒரு காபி கஃபே, பெயர் வேண்டாம், காக்கி லீமா முழுக்க அடைத்துச் செடித்தொட்டி, மர பெஞ்சு, அப்புறம் படம் எடுக்க ஒரு பழைய சைக்கிள். ஒரு ஆள் பக்கவாட்டில் திரும்பினால்கூடப் போகமுடியாது. சடக்கில் இறங்கினோம், பின்னால் ஒரு காடி, அதாவது கார், ஹார்ன் அடித்தது, அவசரமாக ஏறப்போன மனைவியின் கால் லோங்காங் மூடியின் இடுக்கில் சிக்கிப் பிசகிவிட்டது. மூன்று வாரம் கட்டு. உள்ளேயிருந்து ஒரு பையன் ஓடிவந்து தண்ணீர் கொடுத்தான், நல்ல பையன், "சாரி அங்கிள், இது எங்க பாஸ் வெச்சது" என்றான். அவன் என்ன செய்வான்? மனைவி வலியோடு அந்த அலங்கார சைக்கிளைப் பார்த்து, "இதுக்கு நிக்க இடம் இருக்கு, எனக்குத்தான் இல்லை" என்றார்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்திலேயே காக்கி லீமாவை அடைப்பது குற்றம் என்று இருக்கிறது. நீங்கள் கேட்கலாம், அப்போது பூக்காரியும் கடிகாரக் கிழவரும் அடைக்கவில்லையா என்று. நியாயமான கேள்விதான், நானே கேட்டுப் பார்த்திருக்கிறேன். சண்டையும் புதுசில்லை, 1888-இல் சிங்கப்பூரில் நகராட்சி இந்த நடைகளைக் காலி செய்யக் கிளம்பியபோது கடைகளை அடைத்துக் கலவரமே நடந்திருக்கிறது. ஆனால் பூக்காரியின் முக்காலி ஒன்றரை அடி. ஆள் வந்தால் காலை மடக்கிக்கொள்வார், மழை வந்தால் நம்மையும் உள்ளே விடுவார். தொட்டி மடக்கிக்கொள்ளாது. எனக்குக் கஃபே மேல் கோபமில்லை, அந்தப் பழைய கட்டடங்கள் இடியாமல் நிற்பதற்கு அவர்களும் ஒரு காரணம். ஒரு ஆள், ஒரு தள்ளுவண்டி, ஒரு சக்கர நாற்காலி போக வழி விட்டால் போதும் என்கிறேன், அவ்வளவுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. போருக்கு முந்தைய கட்டடங்களுக்கு வாடகையை ஏற்றவிடாமல் வைத்திருந்த 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கி, 2000 தொடக்கத்தோடு அந்தப் பாதுகாப்பு முடிந்தது. வாடகை ஏறியது, மாடியில் குடியிருந்தவர்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். என்னோடு வேலை பார்த்த இரண்டு பேர் குடும்பம் அப்படித்தான் மூட்டை கட்டியது. 2008-இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ ஜார்ஜ்டவுனை உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தபோது கைதட்டினோம், நானும் தட்டினேன். கட்டடம் இருக்கிறது, தூண் இருக்கிறது, ஓடு இருக்கிறது. மாடியில் துணி காயவில்லை. துணி காயாத தெருவில் காலை ஆறு மணிக்கு யார் கதவைத் திறப்பார்கள், யார் முக்காலி கொண்டுவந்து போடுவார்கள்?

எங்கள் துறைமுகத்துப் பழைய ஆட்கள் சொல்வார்கள், நாசி கண்டார்க்காரர் இரண்டு பக்கமும் சட்டி தொங்கும் காவடிக் கம்பைத் தோளில் தூக்கிக்கொண்டு வருவார், ஒதுக்குப்புறமான நிழலாகப் பார்த்து இறக்கி வைப்பார், மூட்டை தூக்குகிறவர்கள் சுற்றிக் குந்திச் சாப்பிடுவார்கள் என்று. அந்தக் கம்புக்குத்தான் கண்டார் என்று பெயர். உங்கள் கட்டுரையில் நாசி கண்டாருக்கு எந்தக் கடையில் நீள வரிசை என்று இருந்தது, எந்த நிழலில் அது பிறந்தது என்று ஒரு வரி இருந்திருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்கமாட்டேன்.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் நிருபரை ஒரு நாள் விடியலில் முதல் பெர்ரியில் அனுப்பி வையுங்கள். காடிகளை ஏற்றிவந்த பழைய பெர்ரிகள் போய்விட்டன, 2023 ஆகஸ்டிலிருந்து ஓடுவது புதுசு, ஆளும் மோட்டார் சைக்கிளும் மட்டும்தான், ஆனால் கடல்காற்று அதேதான். இறங்கி, லெபோ பாசார் வரை காக்கி லீமாவை விட்டு இறங்காமல் நடக்கச் சொல்லுங்கள். எத்தனை இடத்தில் சடக்கில் இறங்கவேண்டி வந்தது என்று எண்ணி, அதை அப்படியே போடுங்கள். ஈப்போவிலும் தைப்பிங்கிலும் மலாக்காவிலும் உள்ள வாசகர்களையும் அவரவர் ஊரில் எண்ணச் சொல்லலாம், என் பங்குக்கு நான் பட்டர்வொர்த்தை எண்ணித் தருகிறேன். மனைவியின் கால் இப்போது பரவாயில்லை, அவரும் வருவார்.

உங்கள் பத்திரிகையை நான் முதன்முதலில் காசு கொடுத்து வாங்கியதும் காக்கி லீமாவில்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கடல் தாண்டிப் போனால், தூணோரம் மரப்பெட்டி மேல் நாலு மொழிப் பத்திரிகையும் விரித்து, காற்றுக்குப் பறக்காமல் ஆளுக்கொரு கல் வைத்திருப்பார் ஒரு அண்ணன். தமிழ்ப் பத்திரிகை மேல் மட்டும் கல்லுக்குப் பதில் ஒரு பழைய பித்தளைப் பூட்டு. அந்தத் தூண் இன்னும் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையை நான் பெட்ரோல் நிலையத்தில் வாங்கினேன்.

இப்படிக்கு,
பழைய வாசகன், ஓய்வு பெற்ற துறைமுக ஊழியர்,
பட்டர்வொர்த்